வீட்டிலேயே மாஸ்டா எம்எக்ஸ்-5 வாட்டர் பம்ப் மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரவெல்லாம் நிறுத்தி வைத்த வண்டியைக் காலையில் நகர்த்தினால், எஞ்சினின் முன்பகுதிக்கு நேர் கீழே நாணயம் அளவுக்கு ஈரம். விரலில் தொட்டுப் பார்த்தால் வழுவழுப்பு, லேசான இனிப்பு வாசனை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்தான். ரிசர்வ் டப்பாவில் அளவும் சற்று இறங்கியிருக்கும். பல எம்எக்ஸ்-5 உரிமையாளர்களுக்கு, கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் போகப்போவது இப்படித்தான் முதலில் தெரிய வருகிறது.

இந்த வழிகாட்டி 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காருக்கானது. மியாட்டா என்றும் சொல்வார்கள், மடங்கி எழும் முகப்பு விளக்குகள் கொண்ட மாடல். 1.6 லிட்டர், 1.8 லிட்டர் எஞ்சின் இரண்டுக்கும் செய்முறை ஒன்றுதான். வேறு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் பழுதைக் கண்டறிவது, கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் முகத்தைச் சுத்தம் செய்வது, காற்றை வெளியேற்றுவது ஆகிய பகுதிகள் அப்படியே பொருந்தும். போல்ட் அளவுகளையும் டைமிங் குறிகளையும் மட்டும் உங்கள் வண்டியின் வொர்க்‌ஷாப் மேனுவலில் பாருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் வாட்டர் பம்பைச் சுழற்றுவது ஆல்டர்னேட்டர் பெல்ட். ஆனால் பம்பின் உடல், கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. டைமிங் பெல்ட்டைக் கழற்றாமல் பம்ப் வெளியே வராது. பம்பைக் கழற்றி மாட்ட அரை மணி நேரம் போதும், மற்ற நேரமெல்லாம் அதை அடைவதற்கும் திரும்ப மூடுவதற்கும்தான் போகும். முதல் தடவை என்றால் முழுசாக இரண்டு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மறுநாள் வேலைக்குப் போக அந்த வண்டியைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் தொடங்கவே வேண்டாம்.

பம்ப்தானா என்று உறுதி செய்யுங்கள்

பம்பின் உள்ளே, கூலன்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஒரு மெக்கானிக்கல் சீல் இருக்கிறது. தேய்த்து மெருகேற்றிய இரண்டு வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று உரசிச் சுழலும். அவற்றுக்கு எண்ணெய் போல் உதவுவது கூலன்ட்டேதான். கூலன்ட்டைப் பல வருடம் மாற்றாமல் விட்டால் அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்கள் தீர்ந்துபோகும். துருவும் உப்பும் படிந்து அந்த வளையங்களைக் கீறிவிடும். சீல் விட்டுக்கொடுத்ததும், பேரிங்குக்குள் கூலன்ட் புகாதபடி அதை வெளியே விடுவதற்கென்றே பம்பில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகக் கசிவு தொடங்கும். ஆல்டர்னேட்டர் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருந்தால் பேரிங் முதலில் போகும், சீல் அதன் பின்னால் போகும்.

எஞ்சின் ஆறிய பிறகு ஆல்டர்னேட்டர் பெல்ட்டைத் தளர்த்துங்கள். பம்ப் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். துளியும் ஆடக்கூடாது. கையால் சுழற்றும்போது கரகரப்பு இருந்தால் பேரிங் போய்விட்டது. ஆட்டமும் இல்லை, கரகரப்பும் இல்லை, ஆனால் ஒழுகுகிறது என்றால் அவசரப்பட வேண்டாம். மேலே தெர்மோஸ்டாட் மூடியிலிருந்தோ மேல் ஹோஸ் கிளிப்பிலிருந்தோ வழிந்து வந்து அதே இடத்தில் சொட்டுவது உண்டு. ரேடியேட்டர் வாயில் மாட்டும் பிரஷர் டெஸ்டர் இரவலாகக் கிடைத்தால் வாங்கி, சுமார் 1 பார் அழுத்தம் கொடுத்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகத் தேடுங்கள். டைமிங் கவரின் அடி விளிம்பிலிருந்து கூலன்ட் வந்தால் பெரும்பாலும் பம்ப்தான். ஹீட்டர் ஹோஸ்கள் எஞ்சினின் பின்பக்கம் இருப்பவை, அங்கே ஈரம் என்றால் இந்தப் பக்கத்தைப் பிரித்துப் பயனில்லை.

கசிவை அடைக்கும் பொடியையோ திரவத்தையோ ஊற்றிச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது சீலை அடைப்பதற்கு முன்னால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய்ப் படியும். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட் கொண்ட எஞ்சின் இது. ஒரே ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் போதும், ஹெட் வளைந்துவிடும். பம்ப் ஒழுகுவது தெரிந்த பிறகு அந்த வண்டியை நீண்ட தூரம் ஓட்டாதீர்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்

இவ்வளவு தூரம் பிரித்த பிறகு பழைய டைமிங் பெல்ட்டைத் திரும்பப் போடுவது சரியல்ல. அதன் ஆயுளே சுமார் 1,00,000 கிலோமீட்டர்தான், கூலன்ட் பட்ட பெல்ட்டை நம்பவே முடியாது. பம்ப், டைமிங் பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளை), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை), டென்ஷனர் ஸ்பிரிங், முன்பக்க கிராங்க் ஆயில் சீல், இரண்டு கேம் ஆயில் சீல்கள், வால்வு கவர் கேஸ்கெட், தெர்மோஸ்டாட், அதன் கேஸ்கெட், இரண்டு வெளி பெல்ட்டுகள், ரேடியேட்டரின் மேல் கீழ் ஹோஸ்கள். இவை அனைத்தையும் ஒரே தடவையில் வாங்கி, எல்லாம் கையில் வந்து சேர்ந்த பிறகே முதல் போல்ட்டைத் தொடுங்கள்.

பம்ப் பெட்டியைக் கடையிலேயே திறந்து பாருங்கள். மூன்று இணைப்புகளுக்குமான கேஸ்கெட்டுகள் உள்ளே இருக்க வேண்டும்: பிளாக் பக்கம் ஒன்று, கீழ் ஹோஸ் வந்து சேரும் கழுத்துக்கு ஒன்று, பின்னால் ஹீட்டரிலிருந்து திரும்பும் குழாய்க்கு ஒன்று. பம்ப் விஷயத்தில் மலிவைத் தேடாதீர்கள். விலையில் மிச்சம் பிடிக்கும் சிறு தொகைக்காக இந்த இரண்டு நாள் வேலையை மறுபடி செய்ய நேரும்.

கூலன்ட் கொள்ளளவு சுமார் 6 லிட்டர். பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்புதான் நாளைக்கு இந்த சீலைக் கீறப்போவது.

கருவிகளில் 10, 12, 14, 21 நம்பர் சாக்கெட்டுகள், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச், நல்ல ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டுகள், பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், வெள்ளை பெயின்ட் பேனா. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். காரணம் கிராங்க் போல்ட் வரும்போது தெரியும்.

வடித்து, இடம் செய்துகொள்வது

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இந்த வண்டியில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது, முதலில் அதன் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பின் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, ரேடியேட்டரின் கீழ் பிளக்கைத் திறந்து கூலன்ட்டை வடித்துவிடுங்கள். வடியும்போது பூனையோ நாயோ பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பாக இருப்பதால் நக்கும், கூலன்ட்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து.

அப்புறம் ஏர் இன்டேக் குழாய், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ். ரேடியேட்டரைக் கழற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் அதன் தகடுகள் மேல் ஒரு தடித்த அட்டையைச் செருகிவிடுங்கள். ஸ்பேனர் நழுவினால் முதல் அடி அங்கேதான் விழும்.

பெல்ட்டுகளைத் தளர்த்தும் முன் பம்ப் புல்லியின் 10 நம்பர் போல்ட்டுகளை லேசாக இளக்கிவிடுங்கள். பெல்ட் இறுக்கமாக இருக்கும்வரை புல்லி சுழலாது, பிறகு முயன்றால் போல்ட்டோடு புல்லியும் சேர்ந்து சுற்றும். பெல்ட்டுகள், பம்ப் புல்லி, ஸ்பார்க் பிளக்குகள், வால்வு கவர், எல்லாம் ஒவ்வொன்றாக வரட்டும். பிளக்குகளை எடுத்துவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது. கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு அட்டையில் படம் வரைந்து அதே இடத்தில் குத்தி வையுங்கள், நீளம் மாறி மாறி வருபவை நிறைய உண்டு.

கிராங்க் போல்ட்

கிராங்க் புல்லியைச் சுற்றியிருக்கும் 10 நம்பர் போல்ட்டுகளை எடுத்தால் புல்லி வந்துவிடும். நடுவில் 21 நம்பர் போல்ட் ஒன்று மிஞ்சும். இந்த வேலையிலேயே அதிகப் பலம் கேட்பது இதுதான். மேனுவல் கியர் வண்டி என்றால் 5-ஆம் கியரில் போட்டு, ஹாண்ட்பிரேக்கை முழுசாக இழுத்து, ஒருவரை பிரேக் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். உயர்ந்த கியரில் சக்கரத்துக்குப் போகும் திருகு விசை குறைவு, பிரேக் எளிதாகத் தாங்கும். பிரேக்கர் பாரை ஒரே சீராக, வண்டி ஸ்டாண்டிலிருந்து அசையாதபடி இழுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டி இந்த போல்ட்டை இளக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பார் சுழன்று கையையோ ரேடியேட்டரையோ உடைத்துவிடும், செய்யாதீர்கள்.

இங்கே உங்கள் எஞ்சின் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்க கால 1.6 எஞ்சின்களில் கிராங்க் தண்டின் மூக்கு, அதாவது முன்முனை, குட்டையானது. அந்த வகையில் கிராங்க் புல்லியைத் தாங்கும் நடுப்பகுதியான பாஸில் 4 வெட்டுகள் இருக்கும், பின்னால் வந்த நீள மூக்கு வகையில் 8 வெட்டுகள். குட்டை மூக்கில் இந்த போல்ட் சற்றுத் தளர்வாக இருந்தாலும் பாஸ் ஆடத் தொடங்கி, அதைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டான சாவியையும் சாவிப் பள்ளத்தையும் தின்றுவிடும். அப்படி நேர்ந்தால் கிராங்கே பாழ். பள்ளத்தை டார்ச் அடித்துப் பார்த்து, சாவி ஆடுகிறதா என்று விரலால் தொட்டு உறுதி செய்யுங்கள். திரும்ப மாட்டும்போது நீள மூக்குக்கு 157 முதல் 166 நியூட்டன் மீட்டர், குட்டை மூக்குக்கு 108 முதல் 118. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

குறிகளை நேராக்குவது

இனி எஞ்சினை எப்போது சுற்றினாலும் முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் மட்டுமே சுற்றுங்கள். டைமிங் கவர்கள் மூன்றையும் எடுத்தபின், கிராங்க் பல்சக்கரத்தின் குறி எஞ்சின் மேலுள்ள குறிக்கு நேராக வரட்டும். அதே நேரத்தில் இன்டேக் கேம் புல்லியில் ‘ஐ’ (I) என்ற ஆங்கில எழுத்தும், எக்ஸாஸ்ட் கேம் புல்லியில் ‘இ’ (E) எழுத்தும் மேலே அவற்றுக்குப் பின்னாலுள்ள குறிகளுக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டு புல்லியிலும் இரண்டு எழுத்துகளும் இருக்கும், குழம்ப வேண்டாம். எழுத்துகள் நேராக வரவில்லை என்றால் கிராங்கை இன்னும் ஒரு சுற்று சுற்றுங்கள், சரியாகிவிடும்.

இப்போது மூன்று இடத்திலும் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ’ குறிக்கும் ‘இ’ குறிக்கும் நடுவில் பெல்ட்டின் பற்களை எண்ணினால் 19 வரும். புது பெல்ட் போட்ட பிறகு உங்களைக் காப்பாற்றப் போகும் எண் இதுதான், இப்போதே எண்ணிப் பழகுங்கள்.

டென்ஷனர் போல்ட்டை இளக்கி, டென்ஷனரை வெளிப்பக்கம் தள்ளி, அங்கேயே போல்ட்டை இறுக்கினால் பெல்ட் தளர்ந்து வந்துவிடும். வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் கேம் சற்றுத் திரும்பலாம். இந்த எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் முட்டாத வடிவமைப்பு என்பதால் பயப்பட வேண்டாம். கேமின் அறுகோணப் பகுதியில் ஸ்பேனர் போட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். வேறு வண்டியில் இதைச் செய்பவர்கள் இந்தத் தைரியத்தைக் கடன் வாங்கக் கூடாது. முட்டும் வகை எஞ்சினில் ஒரு கால் சுற்று தவறினாலே வால்வு வளைந்துவிடும்.

பழைய பம்பும் கேஸ்கெட் முகமும்

கீழ் ஹோஸ் கழுத்தையும் ஹீட்டர் குழாயையும் பிரித்து, பம்பை பிளாக்கோடு பிடித்திருக்கும் 12 நம்பர் போல்ட்டுகளை எடுங்கள். பம்ப் ஒட்டிக்கொண்டிருந்தால் மரக் கட்டையை வைத்துத் தட்டுங்கள். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். பிளாக்கில் தேங்கியிருந்த கூலன்ட் மடமடவென்று வரும், கீழே தட்டு இருக்கட்டும்.

இங்கே நான் அவசரப்பட்ட கதையைச் சொல்ல வேண்டும். முதல் தடவை செய்தபோது இருட்டிவிட்டது. பழைய கேஸ்கெட் முக்கால்வாசி வந்துவிட்டது, மீதியைப் புது கேஸ்கெட் அழுத்திக்கொள்ளும் என்று நினைத்து மூடிவிட்டேன். மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே சொட்டு. பம்ப் புதுசு, கேஸ்கெட் புதுசு, ஆனால் கீழ் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்தது. அந்த ஒரு துணுக்குக்காக டைமிங் பெல்ட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். அதன் பிறகு இந்த முகத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன்.

பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் பெரிய துணுக்குகளை எடுங்கள். மீதியை கேஸ்கெட் ரிமூவர் தடவி ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். சுழலும் உரசுத் தாளை டிரில்லில் மாட்டித் தேய்க்க வேண்டாம், முகத்தில் பள்ளம் விழும், பொடியும் உள்ளே போகும். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் சுற்றிலும் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பியது விரலுக்குத் தெரியும். கடைசியாக பிரேக் கிளீனரில் நனைத்த துணியால் துடைத்து, போல்ட் துளைகளில் தேங்கிய கூலன்ட்டையும் துணியால் ஒற்றி எடுங்கள். ஹோஸ் கழுத்துக்கும் இதே கவனம் தேவை, பழைய பம்பிலிருந்து புதுசுக்கு மாறுவது அது.

புது பம்பைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சீல் புதுசு என்பதால் லேசான இறுக்கம் சகஜம், கரகரப்பு இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ரப்பர் கேஸ்கெட்டை எதுவும் தடவாமல் வெறுமனே வையுங்கள். நிறைய சிலிக்கான் பிதுக்கினால் உள்பக்கம் வழிந்த பகுதி உடைந்து ரேடியேட்டருக்குப் போகும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் போட்டு, பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று தடவையில் 19 முதல் 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

கேம் சீல்களையும் கிராங்க் சீலையும் மாற்ற இதுதான் சமயம். பழையதை எடுக்கும்போது தண்டில் கீறல் விழாமல் பாருங்கள்.

டைமிங் பெல்ட்டைத் திரும்ப மாட்டுவது

புது ஐட்லர், டென்ஷனர், ஸ்பிரிங். டென்ஷனரை வெளிப்பக்கம் தள்ளித் தற்காலிகமாக இறுக்கி வையுங்கள். பெல்ட்டைக் கிராங்கில் தொடங்கி, ஐட்லர் வழியாக மேலே கொண்டுபோய், இரண்டு கேம்களையும் கடந்து, டென்ஷனருக்குக் கொண்டுவாருங்கள். ஐட்லர் பக்கமும் கேம்களுக்கு நடுவிலும் தளர்ச்சியே இருக்கக்கூடாது. தளர்ச்சி முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்து சேரட்டும். 19 பற்கள் வருகிறதா என்று எண்ணுங்கள்.

அடுத்ததைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளைச் சரிபாருங்கள். சரியாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்றும், அடுத்த சுற்றில் ஆறில் ஐந்து பங்கும் சுற்றி, கிராங்க் குறியை டென்ஷன் செட் குறிக்கு நேராக நிறுத்துங்கள். இந்த இடத்தில்தான் டென்ஷனர் போல்ட்டை இளக்கி ஸ்பிரிங்கை அதன் வேலையைச் செய்ய விட வேண்டும். நீங்கள் நெம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். போல்ட்டை 38 முதல் 52 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பிறகு இரண்டு முழுச் சுற்றும் ஆறில் ஒரு பங்கும் சுற்றினால் எல்லாக் குறிகளும் திரும்ப நேராக வரும். இரண்டு கேம் புல்லிகளுக்கு நடுவில் பெல்ட்டை 10 கிலோ விசையில் அழுத்தினால் 9 முதல் 11.5 மில்லிமீட்டர் இறங்க வேண்டும்.

ஒரு பல் தள்ளி நின்றாலும் ‘இது போதும்’ என்று விடாதீர்கள். கவர்கள் இன்னும் போடவில்லை, இப்போது திருத்தப் பத்து நிமிடம்தான்.

கவர்கள், பாஸ், கிராங்க் போல்ட், புல்லிகள் எல்லாம் கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக. வால்வு கவர் போல்ட்டுகள் 5 முதல் 9 நியூட்டன் மீட்டர்தான், கைப்பலத்தைக் காட்டினால் முறியும். கேஸ்கெட் முன் கேம் மூடிகளில் ஏறி இறங்கும் மூலைகளில் மட்டும் சிலிக்கான் ஒரு துளி. ஆல்டர்னேட்டர் பெல்ட்டை அதே 10 கிலோ விசையில் 8 முதல் 10 மில்லிமீட்டர் இறங்கும் அளவுக்கு வையுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் புது பம்பின் பேரிங்தான் அதைச் சுமக்கும்.

காற்றை வெளியேற்றுவது

இந்த எஞ்சின் குடும்பம் மாஸ்டா 323 போன்ற முன் சக்கர இயக்கக் கார்களில் குறுக்காகப் படுத்திருந்தது. எம்எக்ஸ்-5-இல் அதை நீளவாக்கில் திருப்பி வைத்தார்கள். கூலன்ட் உள்ளே வருவதும் ரேடியேட்டருக்குத் திரும்புவதும் முன்பக்கமே என்பதால் பின் சிலிண்டர் பக்கம் ஓட்டம் குறைவு. அங்கே காற்றுக் குமிழி தங்கினால் நல்லதல்ல. அதனால் இங்கேயும் பொறுமை வேண்டும்.

வண்டியின் முன்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்ட்டை மெதுவாக, கழுத்து வரை ஊற்றுங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் வரும், அளவு இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். பேட்டரியை இணைத்து, மூடியைத் திறந்த நிலையிலேயே எஞ்சினை ஐட்லில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல், ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும், அளவு சட்டென்று இறங்கும். நிரப்பி, குமிழிகள் நின்றதும் மூடியைப் போடுங்கள். சுமார் 97 டிகிரியில் ரேடியேட்டர் ஃபேன் சுழலத் தொடங்கும். அதுவரை டெம்பரேச்சர் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். உள்ளே ஹீட்டரிலிருந்து சூடான காற்று தொடர்ந்து வந்தால் ஓட்டம் சரி. ஐட்லில் குளிர்ந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் சூடானால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

முழுசாக ஆறவிட்டு, மூடியைத் திறந்து, குறைந்ததை நிரப்பி, ரிசர்வ் டப்பாவையும் குறி வரை நிரப்புங்கள். முதல் பயணம் வீட்டைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். திரும்பி வந்ததும் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். புது சீல் பொருந்திக்கொள்ளும்வரை பம்ப் ஓட்டையில் ஓரிரு துளி ஈரம் தெரியலாம், தொடர்ந்து சொட்டினால் மட்டுமே கவலை. ஒரு வாரம், ஒவ்வொரு காலையும் எஞ்சின் சூடேறும் முன் அளவைப் பாருங்கள். அந்த வாரக் கடைசியில் வெளி பெல்ட்டுகளை ஒருமுறை அழுத்திப் பார்த்து, தளர்ந்திருந்தால் சரி செய்யுங்கள், புது பெல்ட் முதல் சில நாட்களில் சற்று நீளும். வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி டைமிங் கவர் மேல் ஒட்டிவிட்டால், அடுத்த பெல்ட் எப்போது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்காது.